கிருஹ ஜோதி சலுகை: கோலார் தங்கவயலில் ஏசி வாங்குவோர் அறிய வேண்டிய 200 யூனிட் கணக்கு

கோலார் தங்கவயல்: சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் பெற்ற ஊர் கோலார் தங்கவயல். இங்கு புதிதாக ஏசி பொருத்தும் குடும்பங்கள், அதன் விலையுடன் கிருஹ ஜோதி திட்ட விதிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கர்நாடக அரசு 2023-இல் தொடங்கிய இத்திட்டத்தில், பொதுவாக 2022-23 ஆண்டின் மாதச் சராசரியுடன் 10 சதவீதம் சேர்த்து வரும் அளவே இலவசம். கூடுதல் யூனிட்டுகளுக்குக் கட்டணம் உண்டு. மாதப் பயன்பாடு 200 யூனிட்டைக் கடந்தால் முழுத் தொகையையும் செலுத்த வேண்டும். பழைய சராசரியில் ஏசி இடம்பெறாததால், அதன் செலவு பெரும்பாலும் கட்டணமாகவே வரும்.

மணிக்கு ஒரு யூனிட் செலவிடும் ஏசி, தினமும் 7 மணி நேரம் இயங்கினால் மாதம் 210 யூனிட் ஆகிவிடும். அதிகாலையில் 2 மணி நேரம் முன்னதாக நிறுத்தினால் 60 யூனிட் குறையும்.

வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய எரிசக்தி திறன் அமைப்பு. 2020 முதல் ஏசிகளின் இயல்பு அமைப்பு 24 டிகிரியாக உள்ளது. அதனைக் குறைக்காமல் மின்விசிறியையும் இயக்குவது, வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது ஆகியவை செலவைக் குறைக்கும்.

இங்கு சேமிக்கும் சில யூனிட்டுகளே, மாதம் முழுவதற்குமான சலுகையைக் காப்பாற்றக்கூடும்.