ஒரு கட்டம் காலி... ஒரு வாரம் காணாமல் போன கணக்குகள்!

2024 மே மாதத்தின் முதல் வாரம். ஆஸ்திரேலியாவின் ‘யூனிசூப்பர்’ ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் ஆப்பைத் திறந்தவர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வெப்சைட்டிலும் அதே கதைதான். ஒரு மணி நேரம், ஒரு நாள் என்றால் ‘சர்வர் டவுன்’ என்று விட்டுவிடலாம். இதுவோ நாள்கணக்கில் நீண்டுகொண்டே போனது.

யூனிசூப்பரை நம் ஊர் பி.எஃப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக ஊழியர்களுக்கான நிதியாக வளர்ந்த நிறுவனம். 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். அவர்களின் 12,000 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேற்பட்ட பணத்தை நிர்வகிக்கிறது. வாழ்நாள் சேமிப்பு இருக்கும் இடம் திடீரென்று இருட்டாகிவிட்டால் யாருக்குமே முதலில் தோன்றுவது, ‘ஹேக் பண்ணிட்டாங்களோ?’ என்பதுதான்.

ஆனால், ஹேக்கர் யாரும் வரவில்லை. யூனிசூப்பருக்கு சர்வர் வசதி கொடுத்தது கூகுள் க்ளவுட். அங்கே ஒரு வருடத்துக்கு முன்பு, செட்டிங்கில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டத்தை யாரோ காலியாக விட்டிருந்தார்கள். நடந்தது அவ்வளவுதான்!

ஒரு காலிக் கட்டத்தால் இவ்வளவு பெரிய நிறுவனத்தின் சிஸ்டம் எப்படிக் காணாமல் போகும்? அதைப் புரிந்துகொள்ள, ‘விர்ச்சுவல் மெஷின்’ என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டரே ஃபைல் ஆன கதை

முன்பெல்லாம் கம்பெனிகளில் ஒரு வேலைக்கு ஒரு சர்வர் வைத்திருப்பார்கள். சம்பளக் கணக்குக்கு ஒன்று, இ-மெயிலுக்கு ஒன்று, வெப்சைட்டுக்கு ஒன்று. பெரும்பாலான நேரம் அவை சும்மாவே ஓடிக்கொண்டிருக்கும். கரன்ட் பில்லும் ஏசி செலவும் மட்டும் குறையாது.

ஒரே பெரிய சர்வரை உள்ளுக்குள் பல கம்ப்யூட்டர்களாகப் பிரித்தால் என்ன? 1960-களிலேயே ஐபிஎம் தன் ராட்சத மெஷின்களில் இதைச் செய்து பார்த்தது. நம் ஆபீஸ்களில் இருக்கும் சாதாரண வகைக் கம்ப்யூட்டர்களுக்கு இதைக் கொண்டுவந்து பிரபலமாக்கியது, 1998-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட விஎம்வேர். பெரிய சர்வரின் மேல் ‘ஹைப்பர்வைசர்’ என்ற சாஃப்ட்வேர் உட்கார்ந்திருக்கும். மெமரி, பிராசஸர், டிஸ்க் எல்லாவற்றையும் அது பங்கு போட்டுக் கொடுக்கும். உள்ளே ஒன்றில் விண்டோஸ் ஓடும், இன்னொன்றில் லினக்ஸ் ஓடும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். இவைதான் விர்ச்சுவல் மெஷின்கள்.

இதில் பெரிய வசதி என்ன தெரியுமா? ஒரு முழு கம்ப்யூட்டரே சில ஃபைல்களாக மாறிவிடுகிறது. அதைக் காப்பி எடுக்கலாம். இந்த நொடியில் அது எப்படி இருக்கிறதோ, அப்படியே ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்து வைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றலாம். பயன்படுத்துபவருக்குத் தெரியவே தெரியாது.

சிக்கலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. நிஜ சர்வரைத் தூக்கிப்போட வேண்டும் என்றால் ஒயரைக் கழற்ற வேண்டும், இரண்டு பேர் தூக்க வேண்டும், வாசலில் செக்யூரிட்டி கேள்வி கேட்பார். விர்ச்சுவல் மெஷினைத் தூக்கிப்போட ஒரு கட்டளை போதும்.

இரவு வேலைக்கு ஆள் வேண்டாம்

ஒரு கம்பெனியில் ஐந்து விர்ச்சுவல் மெஷின்கள் இருந்தால், சிஸ்டம் அட்மின் ஒவ்வொன்றாக கிளிக் செய்து பார்த்துக்கொள்வார். ஐந்நூறு இருந்தால்? புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும் என்றாலே மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, எந்த நெட்வொர்க், என்ன பெயர் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். கையால் செய்தால் நேரமும் போகும், ஐந்நூறில் ஏதோ ஒன்றில் தப்பும் நடக்கும்.

அதனால்தான் ஆட்டோமேஷன். சரியாகச் செட் செய்த ஒரு மாதிரி மெஷினை ‘டெம்ப்ளேட்’ ஆக வைத்துக்கொண்டு, அதிலிருந்து அச்சு வார்த்ததுபோல எத்தனை வேண்டுமானாலும் உருவாக்குவார்கள். பவர்சிஎல்ஐ, ஆன்சிபிள், டெராஃபார்ம் என்று இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. ‘எனக்கு இப்படி 20 மெஷின் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால் போதும், அவை செய்துவிடும்.

தினசரி வேலைகளும் இப்படித்தான் நடக்கும். ராத்திரி பேக்கப் எடுப்பது, அப்டேட் போடுவது, டெஸ்டிங்குக்கு வைத்திருக்கும் மெஷின்களை வார இறுதியில் அணைத்துவைப்பது, யாரும் பயன்படுத்தாத மெஷினைக் கெடு முடிந்ததும் நீக்குவது... எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். அதற்குத் தூக்கமும் வராது, சலிப்பும் வராது.

சந்தேகமும் வராது. அதுதான் பிரச்னை!

சொல்லாததும் ஒரு கட்டளைதான்

யூனிசூப்பர் விஷயத்துக்கு வருவோம். விஎம்வேர் தொழில்நுட்பத்தில் ஓடும் ஒரு தனி க்ளவுடை அந்த நிறுவனத்துக்காக கூகுள் ஊழியர்கள் அமைத்துக் கொடுத்தார்கள். அதற்கு கூகுளின் உள் உபயோகத்துக்கான ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். அதில்தான் அந்தக் கட்டம் காலியாக விடப்பட்டது. காலியாக விட்டால் கருவி தானாகவே ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டது: ‘ஒரு வருடம்’. அதாவது, இந்த க்ளவுடின் ஆயுள் ஒரு வருடம். முடிந்ததும் தானாகவே நீக்கப்படும்.

பேங்க்கில் எஃப்.டி போடும்போது, ‘முதிர்வு நாளில் என்ன செய்ய வேண்டும்?’ என்று ஃபார்மில் ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை நிரப்பாமல் விட்டால் பேங்க் தன்னிடம் இருக்கும் விதிப்படி ஏதாவது ஒன்றைச் செய்யும். நாம் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். சிஸ்டத்தைப் பொறுத்தவரை நாம் சொல்லிவிட்டோம்.

ஒரு வருடம் முடிந்தது. கருவி தன் கடமையைச் செய்தது. வழக்கமாக வாடிக்கையாளர் ஒன்றை நீக்கச் சொன்னால், அவருக்கு எச்சரிக்கை போகும். இங்கே நீக்கச் சொன்னது வாடிக்கையாளர் இல்லை, அந்தக் காலிக் கட்டம். அதனால் யாருக்கும் எந்த எச்சரிக்கையும் போகவில்லை.

யூனிசூப்பர் அசட்டையாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு இடத்தில் பிரச்னை வந்தால் இன்னொரு இடம் காப்பாற்றட்டும் என்று இரண்டு புவியியல் பகுதிகளில் பிரதி வைத்திருந்தது. ஆனால், சந்தாவே நீக்கப்பட்டதால் இரண்டிலும் அழிந்துவிட்டது என்று கூகுள் க்ளவுட் தலைவர் தாமஸ் குரியனும் யூனிசூப்பர் தலைவர் பீட்டர் சன்னும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் சொன்னார்கள். (தாமஸ் குரியன், கேரளாவின் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்தவர்.) இது சைபர் தாக்குதல் இல்லை, யாருடைய தகவலும் வெளியே போகவில்லை என்பதையும் உறுதி செய்தார்கள்.

காப்பாற்றியது எது? வேறொரு நிறுவனத்திடம் யூனிசூப்பர் தனியாக வைத்திருந்த பேக்கப்பும், கூகுளிலேயே அந்த க்ளவுடுக்கு வெளியே தனிச் சேமிப்பில் இருந்த பேக்கப்பும்தான். அவற்றிலிருந்து விர்ச்சுவல் மெஷின்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்து உறுப்பினர்கள் உள்ளே போக முடிந்தது. அப்போதும் முதலில் தெரிந்தது முந்தைய வாரத்து இருப்புத் தொகைதான். பணம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால், ஓய்வுபெற்ற ஒருவருக்குத் தன் சேமிப்பு கண்ணில் படாமல் கழிந்த அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்?

பிறகு அந்தக் கருவியின் பயன்பாட்டை கூகுள் நிறுத்தியது. வேறு யாருடைய க்ளவுடும் இதேபோலக் கெடு வைத்துக் காத்திருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தது.

வராத இ-மெயில்

ஆட்டோமேஷன் அமைதியாகக் காலை வாரிய இன்னொரு கதை, 2017 ஜனவரி 31-ல் நடந்தது. சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் கோடிங்கைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், இரவு நேரத்தில் ஒரு பிரச்னையைச் சரிசெய்துகொண்டிருந்தார் ஓர் இன்ஜினீயர். இரண்டாவது சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாவை, தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது.

‘பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே’ என்று போனார்கள். அங்கே ஒன்றும் இல்லை. தினமும் தானாக ஓட வேண்டிய பேக்கப், சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாததால் தோற்றுப்போய்க்கொண்டிருந்தது. தோற்றால் இ-மெயில் வர வேண்டும். அந்த இ-மெயில்களையும் மெயில் சர்வர் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இ-மெயில் வரவில்லை, அதனால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

கடைசியில் கைகொடுத்தது, வேறொரு வேலைக்காக ஓர் இன்ஜினீயர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானவை போனது போனதுதான். மீட்கும் வேலையை ஒளித்து வைக்காமல் யூடியூபில் நேரலையாகவே காட்டியது கிட்லேப்.

அட்மின்கள் கவனிக்க...

இந்த இரண்டு கதைகளையும் கேட்டு, ‘ஆட்டோமேஷனே வேண்டாம்’ என்று முடிவெடுக்கத் தேவையில்லை. ஐந்நூறு மெஷின்களைக் கையால் பார்த்தால் இதைவிட அதிகம் தப்பு நடக்கும். சில பழக்கங்களை மாற்றிக்கொண்டால் போதும்.

* உருவாக்கும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் முழுசாகக் கொடுக்கலாம். அழிக்கும் வேலையை மட்டும் முழுசாகக் கொடுக்கக் கூடாது. முதலில் மெஷினை அணைத்து வையுங்கள். சில நாள் பாருங்கள், யாரும் தேடவில்லை என்றால் நீக்குங்கள். நீக்கும் முன் ஒரு மனிதர் ‘சரி’ சொல்ல வேண்டும்.

* காலியாக விட்டால் கருவி என்ன செய்யும் என்று தெரியாத எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். முக்கியமான கட்டம் என்றால், அதை நிரப்பாமல் ஸ்கிரிப்ட் ஓடவே கூடாது.

* ஸ்னாப்ஷாட், பேக்கப் ஆகாது. பெரும்பாலும் அது மெஷின் இருக்கும் அதே டிஸ்க்கில்தான் இருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் போகும். ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது.

* தோற்றால் மட்டும் தகவல் சொல்லும் ஸ்கிரிப்ட்டை நம்பாதீர்கள். ‘இன்று பேக்கப் முடிந்தது’ என்ற செய்தி தினமும் வர வேண்டும். வராத நாளில் போய்ப் பார்க்க வேண்டும்.

* மாதம் ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து ஒரு மெஷினை ரீஸ்டோர் செய்து, அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

நமக்கும் இது பொருந்தும்

‘எங்க வீட்ல சர்வரெல்லாம் இல்லையே’ என்கிறீர்களா? உங்கள் கையில் இருக்கும் போனும் இதே ஆட்டோமேஷனில்தான் ஓடுகிறது. கூகுள் போட்டோஸில் படங்கள் தானாக மேலே ஏறுகின்றன. அதே ஆப்பில் ஒரு படத்தை டெலிட் செய்தால் க்ளவுடிலும் போய்விடும். பேக்கப் ஆன படங்கள் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அப்புறம் கிடைக்காது. இரண்டு வருடம் திறக்காத கூகுள் அக்கவுன்ட்டை அந்த நிறுவனம் நீக்கலாம். நல்லவேளை, இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை மெயில் வரும். ஆனால், அம்மா பெயரில் என்றோ தொடங்கி, பாஸ்வேர்டும் மறந்துபோன அக்கவுன்ட்டுக்கு வரும் எச்சரிக்கையை யார் படிப்பார்கள்?

பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இதைப் பிரபலப்படுத்திய பீட்டர் க்ரோக் ஒரு போட்டோகிராபர் என்பது சுவாரஸ்யம். யூனிசூப்பருக்குக் கைகொடுத்ததும், ‘வேறு இடத்தில் ஒன்று’ என்ற அந்தக் கடைசிப் பகுதிதான்.

இந்த வார ஹோம்வொர்க்: குழந்தையின் முதல் பிறந்தநாள் படமோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனோ... தொலைந்தால் தாங்க முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் போனைத் தவிர வேறு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ‘இருக்கும்’ என்று நினைப்பதோடு நிறுத்தாமல், அங்கே போய்த் திறந்தும் பாருங்கள்.