“மேஜர்தானே, காலையில வாங்க!”

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தம். இரவு ஏழே முக்கால் மணி இருக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பேருந்தில் இறங்கிய ஒரு மாணவி, டீக்கடை விளக்கின் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். தோளில் கல்லூரிப் பை. கையில் செல்போன். மலைக்குப் போகும் பேருந்து போய்விட்டது. அப்பா பைக்கில் கீழே இறங்கி வந்துகொண்டிருக்கிறார். மலைப்பாதையில் பாதிக்கு மேல் டவர் கிடைக்காது என்பதால், எங்கே வருகிறார் என்று கேட்கவும் வழியில்லை. நிறுத்தத்தைச் சுற்றி ஒரு பைக் மூன்றாம் முறையாக வந்து போனது. டீக்கடை அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு ஸ்டூலை இழுத்துக் கடைக்கு உள்பக்கம் போட்டார். “உள்ள வந்து உக்காரு கண்ணு” என்றார். எட்டரை மணிக்கு அப்பா வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “டீ குடிச்சியா?”

அதன் பிறகு இருவரும் கோமுகி அணையைத் தாண்டி, இருட்டில் கல்வராயன் மலை ஏற வேண்டும்.

அவர்கள் போனதும் கடையில் இருந்த பெரியவர் ஒருவர், “பொம்பளப் புள்ளைய இந்நேரம் வரைக்கும் எதுக்கு வெளிய விடுறாங்க?” என்றார். அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை, பயத்தில்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விதான் நம் ஊரில் எல்லா விபரீதத்துக்கும் முதல் துணையாக இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போகட்டும் என்றுதான் 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது அரசு. படிக்க வா என்று கூப்பிட்டது அரசு. படித்துவிட்டு அவள் வீடு திரும்ப வேண்டிய பேருந்தையும் அதே அரசுதான் தர வேண்டும். அந்தப் பேருந்து இல்லாத குற்றத்துக்கு, நிறுத்தத்தில் நிற்கிறவள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

பெண் பிள்ளையின் மரணம் என்றால் என்ன என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஜூலை 13 அன்று கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி, பள்ளி வளாகத்தில் இறந்து கிடந்தார். பெற்றோர் கேட்ட கேள்விகள் எளிமையானவை. எப்போது நடந்தது? யார் பார்த்தார்கள்? எங்களுக்கு எப்போது சொன்னீர்கள்? விடுதியில் பொறுப்பில் இருந்தது யார்? நான்கு நாள் உறவினர்கள் போராடினார்கள். கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. ஐந்தாம் நாள், ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, பள்ளி எரிந்தது. பேருந்துகள் எரிந்தன. அந்தப் பள்ளியில் படித்த மற்ற பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன. அதன் பிறகுதான் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. கலெக்டரும் எஸ்.பி.யும் மாற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. இறந்து பத்து நாள் கழித்து, ஜூலை 23 அன்றுதான் அந்தப் பெண்ணின் உடல் கடலூர் மாவட்டத்தில் உள்ள சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.

கலவரத்தை நான் நியாயப்படுத்தவில்லை. வேறொரு பிள்ளையின் மார்க் ஷீட்டை எரிப்பதால் யாருக்கும் நீதி கிடைக்காது. ஆனால் அந்தப் பத்து நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு செய்தவற்றில் பெரும்பாலானவற்றை முதல் நாளே செய்திருக்கலாம். உயர் அதிகாரி நேரில் வந்திருக்கலாம், வெளி ஏஜென்சியிடம் விசாரணையைக் கொடுத்திருக்கலாம், பரிசோதனையை முழுக்க வீடியோ எடுத்துப் பெற்றோருக்கு விளக்கியிருக்கலாம். தாமதம் ஆக ஆக, அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொண்டது. உயிரோடு இல்லாத ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் குணத்தை ஊர் ஊராகச் செல்போனில் அலசினார்கள். 2023-ல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். முடிவுக்குக் காத்திராமலே தெரிந்துபோன உண்மை ஒன்று உண்டு. அந்த விடுதி உரிய அனுமதி பெறாமல் நடந்துவந்தது என்பது குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தினர் வந்து பார்த்த பிறகுதான் வெளியே வந்தது.

பெண்கள், சிறார் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் தரும் அதிகாரம் கலெக்டருக்குத்தான். அப்படியென்றால் சட்டம் வந்து எட்டு வருடம், அந்த விடுதி வாசலைக் கடந்து போன அதிகாரிகள் ஒருவருக்கும் ‘உரிமம் எங்கே?’ என்று கேட்கத் தோன்றவில்லை.

கனியாமூருக்கு ஆறு வருடம் முன்பு ஒரு ஜனவரி இருந்தது. 2016 ஜனவரி 23. சின்னசேலம் பக்கம் பங்காரத்தில் இருந்த ஒரு தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மாணவிகள் மூன்று பேர், கல்லூரிக்கு அருகே இருந்த கிணற்றில் பிணமாகக் கிடைத்தார்கள். கட்டணக் கொள்ளை, வசதி எதுவும் இல்லை என்று அந்தக் கல்லூரி மாணவர்கள் அதற்கு முன்பே மனு கொடுத்திருந்தார்கள், போராடியும் இருந்தார்கள். அப்போது இது விழுப்புரம் மாவட்டம். மனு கொடுக்க எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, இனிக் கலெக்டர் பக்கத்திலேயே இருப்பார் என்று மக்கள் சந்தோஷப்பட்டார்கள். அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டது. கனியாமூர் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

காணாமல் போகும் பெண்களின் கதைக்கு வருவோம். பெண்ணைப் பெற்றவர்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அந்த முதல் ராத்திரி. “புள்ள இன்னும் வரல சார்.” எதிரே இருந்து வரும் கேள்விகள் ஊருக்கு ஊர் ஒன்றேபோல இருக்கின்றன. “வீட்டுல சண்டையா?” “யாரையாவது லவ் பண்ணுதா?” “சொந்தக்காரங்க வீட்டுல தேடினீங்களா?” கடைசியாக, “மேஜர்தானே, காலையில வாங்க.”

யாழ்ப்பாணம் புங்குடுதீவில் 2015 மே 13 அன்று பள்ளிக்குக் கிளம்பிய பதினெட்டு வயது மாணவி வீடு திரும்பவில்லை. பொலிசில் சொன்னபோது, யாருடனாவது போயிருப்பாள் என்ற பேச்சுதான் கிடைத்தது என்று குடும்பம் கதறியது. மறுநாள் குடும்பத்தாரே தேடி, அவள் உடலைக் கண்டார்கள். 2017 செப்டம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஹைதராபாத்தில் 2019 நவம்பர் 27 இரவு, கால்நடை மருத்துவரான இளம்பெண் சுங்கச்சாவடி அருகே காணாமல் போனார். எங்கள் எல்லை இல்லை என்று ஸ்டேஷன் விட்டு ஸ்டேஷன் அனுப்பப்பட்டதாகக் குடும்பம் சொன்னது. பிறகு மூன்று காவலர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வரும் பத்தே நாளில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே கைதட்டியது. அந்த வேகத்தில் ஒரு பங்கு முதல் ராத்திரியில் இருந்திருந்தால் என்று நினைக்கிறபோது நெஞ்சு அடைக்கிறது.

புகாரை அலட்சியம் செய்வது காணாமல் போனவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது சிட்லிங். மலையாளிப் பழங்குடிச் சமூகத்து மாணவி ஒருவர், தீபாவளி விடுமுறைக்கு விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். 2018 நவம்பர் 5. இயற்கை உபாதைக்காக வெளியே போன இடத்தில் இரண்டு பேரால் சிதைக்கப்பட்டார். நவம்பர் 10 அன்று இறந்தார். அந்த ஐந்து நாட்களில் காவல்துறை புகாரைக் கையாண்ட விதம்தான் மலை முழுக்கக் கொதிப்பை உண்டாக்கியது. மலைப் பெண்ணுக்கு ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வீட்டில் கழிப்பறை இல்லாத இடத்தில் தொடங்குகிறது. கழிப்பறை கட்டியிருந்தாலும் தண்ணீர் வராத இடத்தில் தொடங்குகிறது.

சட்டத்தில் ஓட்டை எங்கே என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை காணாமல் போனால், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு உடனே எப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் கல்லூரிப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, இருபது வயது. அவள் ‘மேஜர்’. அங்கேதான் கதவு சாத்தப்படுகிறது. சி.எஸ்.ஆர். ரசீது என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. வழக்குப் பதிந்ததற்கான ஆதாரமாக அதைக் காட்ட முடியாது. அந்த ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலை நடக்கிறது என்று நம்பி வீட்டுக்குப் போகிறார்கள் அப்பாக்கள். அந்த இரவில் கடைசியாகச் சிக்னல் கிடைத்த டவரைக் கேட்பதும், பேருந்து நிலையத்துக் கேமராவைப் பார்ப்பதும், டிரைவர் கண்டக்டரை விசாரிப்பதும் நடக்காமல் போகின்றன.

பதினெட்டு வயது முடிந்த பெண் தன் விருப்பப்படி போக உரிமை உள்ளவள்தான். அந்த உரிமையில் எனக்குத் துளியும் மாறுபாடு இல்லை. விருப்பத்தோடு போனவள் என்று தெரிந்தால், அவள் சொல்லைக் கேட்டு, அவள் பாதுகாப்பை உறுதி செய்து, வழக்கை மூடிவிடலாம். அதற்கு முதலில் அவளைக் கண்டுபிடிக்க வேண்டுமே! அவள் உரிமையைக் காரணம் காட்டி அவளைத் தேடாமல் இருப்பது கொடுமை. பிள்ளைகளுக்குப் பொருந்தும் அதே நடைமுறை, இரவில் காணாமல் போகும் இளம்பெண்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு டி.ஜி.பி. ஒரு சுற்றறிக்கையில் உத்தரவு போடலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புது நிதியும் வேண்டாம்.

புகார் கொடுக்கவே பயப்படுகிறவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி ஒருவர் துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய விவரங்களோடு எப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது, விசாரணையைப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் குழுவிடம் கொடுத்தது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பும் வந்தது, குறைந்தது 30 ஆண்டு சிறை. மனம் வைத்தால் நடக்கிறது. சென்னையில் நடந்தது கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஏன் நடக்காது?

மலைக்கு நடப்பது எப்போதும் தாமதமாகத்தான். மூன்று ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து கல்வராயன் மலை விடுபட்டதே 1976-ல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகுதான், மலைமக்களின் நிலை குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பேருந்து, பள்ளி, மருத்துவம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. நீதிமன்றம் கேட்டுத்தான் பேருந்து வர வேண்டும் என்பதே வருத்தம்.

2012 டிசம்பரில் டெல்லியில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான மாணவி ஏறியதும் ஒரு தனியார் பேருந்தில்தான். ஆட்டோக்காரர்கள் வர மறுத்திருந்தார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழு, தண்டனையோடு தெருவிளக்கையும் பொதுப் போக்குவரத்தையும் சேர்த்தே பேசியது. 2024-ல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் கொல்லப்பட்ட பிறகு, பெண் டாக்டர்களுக்கு முடிந்தவரை இரவுப் பணி வேண்டாம் என்று மேற்கு வங்க அரசு சொன்னது. உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பாதுகாப்புத் தருவது அரசின் கடமை, பெண்ணை வீட்டில் வைப்பது அதற்கு மாற்றாகாது என்ற கண்டிப்பு அது. டீக்கடைப் பெரியவருக்கும் அதுவே பதில்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. கல்லூரியும் ஸ்பெஷல் கிளாசும் முடியும் நேரத்தை விசாரித்து, அதற்குப் பின் மலைக்குக் கடைசிப் பேருந்தை விடுங்கள். அந்தப் பேருந்து ஒரு நாள் வராவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நிறுத்தத்தில் எழுதிப் போடுங்கள். கரும்பும் மரவள்ளியும் ஆள் உயரத்துக்கு நிற்கிற சாலைகளில் விளக்குப் போடுங்கள், எரிகிறதா என்று ராத்திரி வந்து பாருங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை தனியே பயணம் செய்யும் பெண் அழைத்தால் ரோந்து வாகனம் வரும் என்று 2023-ல் காவல்துறை அறிவித்தது. அந்த வாகனம் மலையடிவாரத்துக்கும் வரட்டும். டவர் இல்லாத ஊரில் அவசர உதவி எண் 112-ஐ எப்படி அழைப்பது என்பதற்கும் வழி சொல்லுங்கள். உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலைக் கலெக்டர் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். மானம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். எந்த ஸ்டேஷன் பக்கமோ அங்கே போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் அவர்கள் பதிந்தே ஆக வேண்டும். பிள்ளை கடைசியாகப் பேசிய நேரம், போட்டிருந்த உடை, போன் நம்பர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கடத்தியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அந்தச் சொல்லையே மனுவில் எழுதுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். அதைக் கையில் வாங்கிக்கொண்டு படி இறங்குங்கள்.