வைரல் ஆனால் போதுமா? வழக்கு நிற்க வேண்டாமா?

சேரியில் ஒரு வன்கொடுமை நடந்தால் இன்று காவல்துறைக்கு முன்பே செல்போன் கேமரா வந்துவிடுகிறது. சிறிது நேரத்தில் வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மாலைக்குள் ஏதோ ஒரு வழக்கறிஞரின் ஃபேஸ்புக் பக்கத்தில், பாதிக்கப்பட்டவரோடு எடுத்த படத்துடன் பதிவு வருகிறது. அதிலுள்ள கோபமும் அக்கறையும் பொய் என்று நாம் சொல்லவில்லை. நம் கேள்வி வேறு: சில ஆண்டுகள் கழித்து சிறப்பு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடக்கும்போது, அந்தப் பதிவால் நமக்கு என்ன பயன்?

இணையம் இல்லாவிட்டால் நம் வழக்குகளில் பல, காவல் நிலைய வாசலிலேயே செத்துப் போயிருக்கும். பெரிய ஊடகங்கள் கண்டுகொள்ளாத ஊர்களை வெளியே கொண்டுவந்தது நம் பிள்ளைகளின் கைபேசிதான். ஆனால் அழுத்தம் கொடுப்பது ஒரு வேலை, வழக்கை நிரூபிப்பது இன்னொரு வேலை. முதல் வேலை முடிந்ததுமே நாம் கலைந்துவிடுகிறோம்.

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் கொலை நடந்தது. முதல் குற்றவாளியான யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆடியோக்களை வெளியிட்டார். சமூக ஊடகத்தின் பலம் அவர்களுக்கும் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். விசாரணையில் முக்கிய சாட்சி பிறழ்சாட்சியானார். வழக்கைத் தாங்கியதில் திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மனிதர்கள் மிரட்டப்படலாம், விலைக்கு வாங்கப்படலாம். சட்டப்படி கைப்பற்றிப் பாதுகாத்த பதிவை அப்படி மாற்றிப் பேச வைக்க முடியாது.

'சட்டப்படி' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் அதற்குரிய சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இன்னும் கறாரானது. பதிவைத் தருபவர் ஒரு பகுதியிலும், நிபுணர் மற்றொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற 'ஹாஷ்' மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ சுருக்கப்படுகிறது. அந்தக் கைரேகை மாறிவிடுகிறது. ஆயிரம் பேரிடம் நகல் இருந்தாலும் மூலப்பதிவு இருக்கும் கைபேசி தொலைந்துவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபம்.

அடுத்தது சாட்சிகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் சேர்ந்த பிரிவு 15ஏ, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் பொதுமக்கள் பார்க்கும் ஆவணங்களில் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் மறைக்கக்கூடிய பெயரை நாமே நேரலையில் சொல்லிவிட்டால் என்ன மிஞ்சும்? கேமரா முன் கண்ணீரோடு பேசிய அந்த அக்கா, அடுத்த நாளும் அதே ஊரில், அதே ஆதிக்கச் சாதிக்காரரின் வயலில்தான் கூலிக்கு நிற்க வேண்டும். அன்று அவசரத்தில் சொன்ன ஒரு நேரம், ஒரு பெயர், பிறகு காவல்துறையிடம் தரும் வாக்குமூலத்தோடு முரண்பட்டால், அந்த வீடியோவே அவருக்கு எதிராகத் திரும்பும்.

பாதிக்கப்பட்டோரின் படம் விளம்பரப் பலகை அல்ல என்பதை வழக்கறிஞர்களும் உணர வேண்டும். தொழிலுக்கு விளம்பரம் தேடுவதை பார் கவுன்சில் விதி 36 தடை செய்கிறது. சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் யூடியூப் சேனல்கள் நமக்கு நிறைய வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வீட்டுத் திண்ணையில் எடுக்கும் செல்ஃபி வேண்டாம்.

அப்படியானால் இணையத்தை எதற்குப் பயன்படுத்துவது? குடும்பத்தின் கைக்குக் காகிதம் வந்து சேர. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு இதில் விலக்கு உண்டு. எப்படியிருந்தாலும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். ஆனால் செயலியில் தேதி தெரிகிறது என்பதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது. ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு விசாரணைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது பிரிவு 15ஏ. அப்படி அறிவிக்காமல் வழங்கப்பட்ட ஜாமீனை, 2021-இல் ஹரிராம் பம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தத் தீர்ப்பை எத்தனை குழுக்களில் பகிர்ந்திருக்கிறோம்?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். வீடியோ எடுங்கள். எடுத்த கைபேசியைப் பத்திரப்படுத்துங்கள். எதையும் வெட்டாதீர்கள், அழிக்காதீர்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு எடுத்தது என்று அன்றே எழுதி வையுங்கள். இணையத்தில் சாதி சொல்லித் திட்டினால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல், அந்தப் பதிவின் இணைப்பு, கணக்கின் முகவரி, தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பகிர்வதற்கு முன் குடும்பத்தின் சம்மதம் கேளுங்கள். முகத்தையும் பெயரையும் மறையுங்கள். பிறகு அந்தக் குடும்பத்தின் சி.என்.ஆர். எண்ணை உங்கள் கைபேசியில் சேமித்து, வாய்தா தோறும் அவர்களோடு நீதிமன்றம் போங்கள். சமூகப் பணியாளர்களின் உதவியைப் பெறும் உரிமையையும் இதே சட்டம் அவர்களுக்குத் தந்திருக்கிறது.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்றார் அண்ணல். ஒரு வாய்தா தேதியை நினைவில் வைத்திருப்பதும் போராட்டம்தான். அதற்கு லைக் விழாது, தண்டனை விழும்.

ஜெய் பீம்.