சுவாசத்தின் வழி

சஸ்திர சிகிச்சை என்றதும் ஜனங்கள் கத்திக்கே அஞ்சுகின்றனர். கத்தி படுமுன்பே ஓர் அபாயம் உண்டென்பதைப் பலர் அறியார். மயக்க மருந்து ஏறியபின் நோயாளியின் சுவாசம் வைத்தியர் பொறுப்பாகிறது. தொண்டையில் குழாய் செல்லாமலும், முகமூடியால் பிராணவாயு புகாமலும் போனால், சில நிமிஷங்களில் மூளை கெடும்.

2005-ம் வருஷம் இங்கிலாந்தில் சைனஸ் சிகிச்சைக்குச் சென்ற 37 வயது மாது ஒருவருக்கு இக்கதியே நேர்ந்தது. அனுபவமிக்க டாக்டர்கள் திரும்பத் திரும்பக் குழாய் செலுத்தவே முயன்றனர். கழுத்தில் துவாரமிடும் கருவிகளைத் தாதி கொணர்ந்தும் அவை பயன்படவில்லை. 13 நாட்களில் அம்மாது மாண்டார். குறை வித்தையிலன்று, காலம் கழிவதை உணராமையிலும், தாதியர் சொல் செவியேறாமையிலுமே என்பது நமது அபிப்பிராயம்.

முன்னறிய வழி உண்டு. இந்தியாவில் பிறந்த டாக்டர் மல்லம்பாட்டி 1985-ல் விளக்கிய முறைப்படி, நாவை நீட்டச் செய்து உள்நாக்கு எவ்வளவு தெரிகிறதென்று பார்க்கலாம். தாடையையும் கழுத்தின் அசைவையும் சோதிக்கலாம். செலவில்லை. ஆயினும் எளிதென்று தோன்றிய தொண்டையும் ஏமாற்றும். ஆதலால் முயற்சிக்கு வரம்பு வேண்டும். 2015-ல் பிரிட்டிஷ் நிபுணர் சங்கம் மூன்று முயற்சி, கைதேர்ந்த வேறொருவரால் மேலும் ஒன்று என எல்லை வகுத்தது. எவ்வழியும் பலியாவிடில் கழுத்தில் வழி திறக்க வேண்டுமென்றது.

ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் இதைப் பழக்க வேண்டும். 'நிறுத்துங்கள்' என்று சொல்லத் தாதிக்கும் உரிமை வேண்டும். முன்பு மயக்க மருந்தால் கஷ்டப்பட்டவர்கள் அதை மறையாது கூறுக. பதவியின் கௌரவத்தைவிட ஓர் உயிர் பெரிதன்றோ?