காலடி சொல்லும் சேதி

மலையில் வாழ்வோருக்குப் படகைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நேயர்கள் வினவலாம். ஹல்துமுல்லைக்கு மேலே அப்புத்தளை முகட்டில் நின்று தெற்கே நோக்கின், வானம் தெளிந்த நாளில் கடல் தெரியும். அக்கரையோர மீனவர் பலர் இன்று கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்த பைபர் படகுகளையே கையாளுகின்றனர். அவற்றிற்கு வரும் நோய் ஒன்றை அறிவது நமக்கும் பயன் தரும்.

பைபர் உக்குவதில்லை. ஆயினும் மேல்தட்டுள்ள படகுகள் பலவற்றில், இரு பைபர்த் தோல்களுக்கிடையே ஒட்டுப்பலகை வைத்திருப்பர். திருகாணித் துளையோரம் மயிரிழை வெடிப்பிருந்தாற் போதும். நீர் உட்புகுந்து பலகையை உக்கச் செய்துவிடும். மேலே பளபளப்புக் குறையாது. கால் வைத்தால் மட்டும் தட்டு அமுங்கும்.

அதன்மேல் இன்னுமொரு படை பைபர் ஒட்டி வர்ணம் பூசுவோர் உளர். அடைபட்ட ஈரம் உள்ளே மேலும் பரவும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

முறையான வழி இது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டெங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீரென்னும்; உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்து, சற்று அப்பால் மேல்தோலை மட்டும் வெட்டியெடுத்து, உக்கலைச் சுரண்டி அகற்றுக. எத்தனை நாளாயினும் நன்கு உலரவிடுக. பின்னர் புதிய பலகையின் ஓரங்களுக்கு எபொக்சி ரெசின் ஊட்டிப் பதித்து ஒட்டுக. மேலே பைபர் இடுமுன், பழைய தோலின் விளிம்பைத் தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்திற்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு 36 மில்லிமீற்றர். தேய்க்கையில் எழும் தூள் நுரையீரலுக்குத் தீது, முகக்கவசம் இன்றியமையாதது. இறுதியில் நீர் புகுந்த துளையைப் பெரிதாக்கி, ரெசினால் நிரப்பி, காய்ந்தபின் நடுவே புதிதாய்த் துளையிட்டால், நோய் புகுந்த வாயில் அடைபடும்.

நீர் உள்ளிருந்தே கெடுக்கும் என்பதை ஹல்துமுல்லைப் பிரதேசத்தார் அறியாதவரல்லர். கொஸ்லாந்தை மீரியபெத்தையில், மழைநீர் ஊறிய மலைச்சரிவு 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் இறங்கி லயன்களைப் புதைத்தது. அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. படகை வெட்டி உலர்த்தலாம். மலையை அவ்வாறு செய்தல் எளிதன்று. குடியிருப்போரை முன்னரே பாதுகாப்பான இடத்தில் அமர்த்துவதே அதற்குரிய மருந்து.

நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று ஆகியவை மண் எழுப்பும் மந்த ஒலிகள். அவற்றைக் கண்டவுடன் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, அதிகாரிகளுக்கு அறிவிப்போமாக. மேற்பூச்சை நம்பிக் காலடியின் சேதியைப் புறக்கணிப்பது தகாது.