பெயர் வடமொழி, பாடமேனும் தமிழாகுக!

திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த இராசேந்திர சோழன் செப்பேட்டில் குடிப்புகழ் வடமொழியில் உள்ளது. பழையனூர்க் கொடையின் எல்லை தமிழில் உள்ளது. மண்ணளந்து காட்ட மக்கள் மொழியே வேண்டியிருந்தது.

இன்று ஆசிரியர் கற்கும் இணையக் களங்களைப் பாருங்கள். 2017-இல் நடுவணரசு தொடங்கியது 'தீட்சா'. 2020-இல் இணையத்திற்கு வந்த பயிற்சி 'நிட்டா'. ஆங்கிலத் தொடர்களை வெட்டி ஒட்டிச் சமைத்த வடசொற்கள்!

பெயரை வெறுத்துக் கல்வியை விலக்குதல் பேதைமை. ஆனால், காணொளி கண்டு சான்றிதழ் பெறுதல் மட்டும் வளர்ச்சியாகாது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அதனைப் பழகி, கற்றதை நல்ல தமிழில் பாடமாக்கி, மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் வழங்குபவரே வளர்ந்த ஆசிரியர். ஆசிரியப் பெருமக்களே, பெறுவோராய் நில்லாதீர், படைப்போராய் எழுக!