ஓடினால் மட்டும் போதுமா?

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பார்கள் நம் பெரியோர். ரோபோ செய்யும் மாணவியரின் நிலையும் இதுதான். தன் கையால் எழுதிய கட்டளைத் தொடர் அவரவர்க்குப் பொன்னாகவே தோன்றும். அது ஒருமுறை ஓடிவிட்டால் கைதட்டல் எழும், புகைப்படம் எடுக்கப்படும், பரிசும் கிடைத்துவிடும். ஆனால், அன்புத் தோழியரே, ஒருமுறை ஓடியது மறுமுறையும் ஓடுமா என்று கேட்பவர் எத்தனை பேர்? பிழை தேடுவதை ஏதோ தோற்றவர்களின் வேலை என்றல்லவா எண்ணுகிறோம்! அவ்வெண்ணம் தவறு என்பதும், ரோபோ செய்வதிலே நாம் கற்க வேண்டிய முதற்பாடமே பிழை தேடுவதுதான் என்பதும் எங்கள் கருத்து.

பெற்றோரும் அருட்சகோதரியரும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலில் பொருளை விளக்கிவிடுகிறோம். நாங்கள் கூறுவது திரைப்படத்தில் வரும் இயந்திர மனிதனை அன்று. சாப்பாட்டுத் தட்டளவே உள்ள ஒரு சிறு வண்டியை. அதற்கு இரண்டு சக்கரங்கள், அவற்றைச் சுழற்ற இரண்டு மோட்டார்கள், மேலே ஒரே பலகையில் அமைந்த சிறு கணிப்பொறி. இவ்வகையிலே பெயர் பெற்றது "ராஸ்பெர்ரி பை". பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதப் பழக வேண்டும் என்ற நோக்கத்தோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கப்பட்டு, 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையின் ஓரத்திலே இன்று 40 முனைகள் உள்ளன. அவற்றின் வழியாகத்தான் கணிப்பொறி மோட்டாருக்கு ஆணையிடுகிறது. உணர்கருவி தரும் செய்தியையும் கேட்கிறது. ஆணைகளை "பைத்தான்" என்னும் கணிப்பொறி மொழியிலே எழுதுகிறோம்.

வண்டிக்குக் கண்ணாக இருப்பது ஓர் ஒலிக்கருவி. வௌவாலைப் போல, வினாடிக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்பும். நம் செவி அதைக் கேளாது. சுவரில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணிப்பொறி அளந்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைத்துவிடும். தடை 20 செ.மீ. தொலைவில் இருந்தால் வண்டி நின்று திரும்ப வேண்டும். இவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு எத்தனை எளிது!

ஆனால் நடப்பது என்ன? வண்டியை மேசைமேல் தூக்கிப் பிடித்துச் சக்கரங்களைச் சுழலவிட்டால் அழகாகச் சுழல்கின்றன. தரையில் இறக்கியதும் கணிப்பொறி அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. உடனே பலரும் கட்டளைத் தொடரின்மீது பாய்கிறார்கள். ஒரு வரியை அழித்து, இரு வரியைச் சேர்த்து, மாலைக்குள் நன்றாக இருந்ததையும் குலைத்துவிடுகிறார்கள். உண்மையில் குற்றவாளி வேறு. சுமையோடு புறப்படும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது பாட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது. 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் பலகை திணறுகிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இப்பலகைகளுள் பெரும்பாலானவை திரையிலே மின்னல் குறி காட்டி எச்சரிக்கும். அதைப் பார்ப்பார் இல்லை! மோட்டாருக்கும் கணிப்பொறிக்கும் தனித்தனி பாட்டரி வைத்து, இரண்டின் எதிர்மின் முனைகளையும் ஒன்றாக இணைத்தால் நோய் தீர்ந்துவிடும். கட்டளைத் தொடர் பாவம், எக்குற்றமும் அறியாதது.

இன்னொன்றைப் பாருங்கள். இம்முறை குற்றம் கட்டளைத் தொடரிலேதான் உள்ளது. "எதிரொலி வரும்வரை காத்திரு" என்று எழுதுவது தொடக்கப் பாடங்களிலே வழக்கம். எதிரே சுவர் இருக்கும்வரை தொல்லை இல்லை. ஆனால் திரைச்சீலை இருந்தால்? துணி ஒலியை விழுங்கிவிடும். சாய்வாக ஒரு புத்தகம் இருந்தால்? ஒலி வேறு பக்கம் சிதறிப் போய்விடும். எதிரொலி வராவிட்டால் சில கருவிகளிலே கணிப்பொறி காத்துக்கொண்டே நிற்கும். முன்னே இடப்பட்ட "செல்" என்ற ஆணையோ மாறாமல் இருக்கும். விளைவு, வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடி முட்டும்! இக்கருவி பார்க்கக்கூடிய மிகுந்த தொலைவு ஏறத்தாழ 4 மீட்டர். ஒலி அங்கே போய்த் திரும்ப 0.024 வினாடிக்கு மேல் ஆகாது. ஆகவே 0.03 வினாடிக்குள் பதில் வராவிட்டால் சக்கரத்தை நிறுத்து என்று எழுதிவைத்தால் போதும். இந்தச் சிறு ஆணையின் அருமை, சுவருக்கு எதிரே மட்டும் நூறு முறை ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியாது. ஒருமுறை திரைச்சீலைக்கு எதிரே ஓட்டியவருக்கே தெரியும்.

எனவே சோதனை என்பது ஓடுவதைப் பார்த்து மகிழ்வது அன்று. எங்கே ஓடாது என்று தேடிப் போவது. அதற்கு எங்கள் மன்றத்தில் நாங்கள் கைக்கொள்ளும் முறைகளை இங்கே கூறுகிறோம்.

முதலாவது, உறுப்புகளைத் தனித்தனியே சோதிப்பது. சக்கரமும் கண்ணும் மூளையும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு பிழை வந்தால், யாரைப் பிடித்து விசாரிப்பது? கருவியின் எதிரொலி முனை 5 வோல்ட் தரும். பலகையின் முனையோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகையால் 1,000 ஓம், 2,000 ஓம் மின்தடைகள் இரண்டைக் கொண்டு அழுத்தத்தைக் குறைத்து, மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே இணைக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் படித்த ஓம் விதி இங்கே நம் பலகையைக் காப்பாற்றுகிறது!

இரண்டாவது, மூளையை வண்டியின்றியே சோதிப்பது. "தொலைவு இவ்வளவு என்றால் என்ன செய்வாய்?" என்ற முடிவை மட்டும் தனிப் பகுதியாக எழுதிக்கொண்டால், மேசையில் அமர்ந்தபடியே எண்களைக் கொடுத்து விடை கேட்கலாம். 100 கொடுத்தால் "செல்" என்று வர வேண்டும். 21, 20, 19 என்று எல்லையருகே உள்ள எண்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். பிழைகள் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். பூச்சியம் கொடுத்தால் என்ன சொல்கிறது? எண்ணே கொடுக்காவிட்டால் என்ன சொல்கிறது? பைத்தான் மொழியோடு இத்தகைய சோதனைகளுக்கான கருவியும் சேர்ந்தே வருகிறது. காசு செலவில்லை, பாட்டரியும் தீராது.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பாட்டரியையும் மாற்றி, கட்டளையையும் மாற்றினால், குணமானது எதனால் என்று யார் கூறுவது?

நான்காவது, எல்லாவற்றையும் நாளும் நேரமுமாகக் குறிப்பேட்டில் எழுதுவது. கண்டது என்ன, காரணம் என்று ஐயுற்றது என்ன, சோதித்தது எப்படி, கிடைத்த விடை என்ன என்று நான்கு பத்திகள் போதும். கணக்கும் இதற்குத் துணை வரும். 20 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 35 பாகையில் ஏறத்தாழ 352 மீட்டர். இந்த வேறுபாட்டால் 20 செ.மீ. தொலைவில் அரை செ.மீ. பிசகலாம். ஆனால் 10 செ.மீ. பிசகினால் வெயிலின்மேல் பழி போட்டுத் தப்ப முடியாது. வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும்.

இவை பிள்ளை விளையாட்டுக்கு மட்டும் உரிய முறைகள் என்று எண்ண வேண்டாம். 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் "ஆரியான் 5" ராக்கெட் தன் முதற்பயணத்தில், புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. அதற்கு முந்திய "ஆரியான் 4" ராக்கெட்டில் நன்றாக ஓடிய கட்டளைத் தொடரின் ஒரு பகுதியைப் புதியதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் பிறந்த ஓர் எண், அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. முன்னே ஓடியது, ஆகவே இப்போதும் ஓடும் என்ற நம்பிக்கை எத்தனை பேரின் உழைப்பைப் புகையாக்கிவிட்டது!

மாறாக, 1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிய அமெரிக்காவின் "பாத்ஃபைண்டர்" கலத்தை நினைத்துப் பாருங்கள். இறங்கிய சில நாட்களில் அதன் கணிப்பொறி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கலாயிற்று, நம் வண்டியைப் போலவே! பொறியியலார் பதறவில்லை. பூமியிலே வைத்திருந்த அதேபோன்ற கணிப்பொறியில் அதே கோளாறை வரவழைத்தார்கள், காரணத்தைக் கண்டார்கள், பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வானொலி வழியே திருத்தத்தை அனுப்பினார்கள். பதறாத காரியம் சிதறாது என்பது எத்துணை உண்மை!

பெண்களாகிய நாம் மறக்கக் கூடாத பெயர் ஒன்றும் உண்டு. அவர் மார்கரெட் ஹாமில்டன் அம்மையார். நிலவுக்குச் சென்ற அப்பல்லோ கலங்களின் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய சிறு மகள் ஒருநாள் பயிற்சிக் கருவியின் விசைகளை விளையாட்டாக அழுத்த, பயணத்தின் நடுவே புறப்பாட்டுக்குரிய கட்டளைத் தொடர் தொடங்கி, எல்லாம் நின்றுவிட்டது. "இதற்கு ஒரு காப்பு எழுத வேண்டும்" என்றார் அம்மையார். பயிற்சி பெற்ற விண்வெளி வீரர் அப்படித் தவறமாட்டார் என்று மேலிடம் மறுத்தது. ஆனால் 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 பயணத்தில் வீரர் ஒருவர் அதே தவற்றைச் செய்தார். குழந்தையின் விளையாட்டையும் சோதனையாக எண்ணிய அந்தப் பெண்ணின் கண்ணே சரியானது என்பது அன்று தெளிவாயிற்று.

இத்தகைய கண் நமக்கும் வேண்டாமா? ஆனால் போட்டிகளில் நாங்கள் காண்பது என்ன? வண்டி நின்றவுடன், வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, "இப்போது ஓடும், போ அம்மா" என்கிறார். வண்டி ஓடுகிறது, பரிசும் வருகிறது. மாணவிக்குக் கிடைத்தது என்ன? அட்டையில் வண்ணத்தாள் ஒட்டும் வேலையும், மேடையில் மனப்பாடமாகப் பேசும் வேலையும் மட்டுமே. கற்க வேண்டிய பத்து நிமிடத்தையே கையிலிருந்து பறித்துக்கொண்ட பின், பரிசால் என்ன பயன்?

பத்தாம் வகுப்பிலே பொதுத் தேர்வு இருக்க இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சில பெற்றோர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வாரத்திற்கு ஒரு மணி நேரமே நாங்கள் கேட்பது. விடையைச் சரிபார்க்கும் பழக்கம் ரோபோவில் படிந்தால் கணக்குத் தாளிலும் படியும் அல்லவா? கேட்ட மாத்திரத்தில் கட்டளைத் தொடரை எழுதித் தரும் செயற்கை அறிவு வந்துவிட்டதே, இனி இதைக் கற்பானேன் என்று வேறு சிலர் கேட்கலாம். எழுதுவது எளிதாக ஆக ஆக, எழுதியது சரியா என்று பார்ப்பவரின் தேவை பெருகத்தான் செய்யும். நம் வண்டியின் முன்னே திரைச்சீலை தொங்குவதை எங்கோ இருக்கும் அந்த இயந்திரம் கண்டதா என்ன?

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. கண்காட்சியில் ஒவ்வொரு ரோபோவின் அருகிலும் அதன் பிழைக் குறிப்பேடும் வைக்கப்பட வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்கு உரியதாக வேண்டும். வண்டி நின்றுவிட்டால், மாணவி முதலில் தானே காரணம் தேட அரை மணி நேரம் தரப்பட வேண்டும். அதுவரை பெரியவர் எவரும் விசைப்பலகையைத் தொடலாகாது. பெற்றோரும் "ஏன் ஓடவில்லை?" என்று கடிந்துகொள்ளாமல், "ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்தாயா?" என்று கேட்க வேண்டும்.

தோழியரே! நாளை நம்மில் சிலர் மருத்துவமனைக் கருவிகளுக்குக் கட்டளை எழுதலாம். சிலர் இரயில் வண்டிகளின் கைகாட்டிகளுக்கு எழுதலாம். அங்கே "நேற்று ஓடியதே" என்ற சமாதானம் செல்லாது. ஆதலின் நாம் எழுதியதை நாமே ஐயுற்று, நாமே சோதித்து, கண்ட குறையை நாமே வெளிப்படக் கூறும் துணிவை இன்றே, இந்தச் சிறு வண்டியிடமே பயில்வோமாக!